மாணிக் பாக் மன்னரும் கனவடிவக் கம்பளங்களும்

ஹோல்கர் என்னும் பெயர் பழைய கிரிக்கெட் கணக்குகளைப் புரட்டும் அன்பர்களுக்கு நன்கு தெரிந்ததே. 1946-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ரஞ்சிக் கோப்பையின் அரையிறுதி ஆட்டத்தில், நம் மைசூர் அணியை இந்தூருக்கு வரவழைத்து எட்டு விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள் குவித்த அணி அது. ஒரே இன்னிங்ஸில் ஆறு பேர் சதமடித்தனர். பந்து வீசிய மைசூர்க்காரர்களின் தோள்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே இரக்கமாக இருக்கிறது! அவ்வணியின் தலைவர் கர்னல் சி. கே. நாயுடு. அணிக்குப் பின்னின்று ஆதரித்தவர் இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்தராவ் ஹோல்கர். நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்ற அணியின் புரவலர் என்ற அளவிலேயே அவர் பெயர் நம் நாட்டில் பலர் நினைவில் நின்றது. ஆனால் ஐரோப்பாவின் கலைக்கூடங்களில் அவருடைய பெயரைச் சொல்லுவோர் கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் அறியார்; அவர்கள் பேசுவது ஒரு மாளிகையைப் பற்றியும், அதன் தரையில் விரித்திருந்த கம்பளங்களைப் பற்றியுமே.

பின்னி ஆலையும் மகாராஜா ஆலையும் எட்டிய தூரத்தில் இயங்கிய ஒக்கலிபுரத்தில், நூலும் தறியும் அறியாத தமிழ்க் குடும்பம் முன்னாளில் அரிதாகவே இருந்திருக்கும். ஆகவே ஓர் அரசரின் வரலாற்றை அவர் காலடியில் கிடந்த கம்பளத்திலிருந்து தொடங்கிச் சொன்னால் நம்மவர் முகஞ்சுளிக்கமாட்டார்கள் என்ற துணிவில் இதை எழுதத் துணிந்தேன்.

யஷ்வந்தராவ் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் இந்தூரில் பிறந்தார். தந்தை மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கர். மராட்டியக் குலத்தவரான ஹோல்கர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் மாளவ நாட்டில் வேரூன்றியவர்கள். காசியிலும் கயையிலும் சோமநாதத்திலும் கோயில் திருப்பணி செய்து பாரதம் முழுவதும் புகழ் பெற்ற தேவி அகல்யாபாய் அக்குலத்தின் மருமகளே. நருமதைக் கரையில் மகேஷ்வர் என்னும் ஊரைத் தலைநகராக்கி, அங்கே நெசவாளரைக் குடியேற்றி, மகேஷ்வரிச் சேலை என்னும் நேர்த்தியான பட்டுப்பருத்தி நெசவுக்கு வழிகோலியவரும் அவ்வம்மையாரே. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இளவரசர் இங்கிலாந்தில் சீம் பள்ளியிலும் சார்ட்டர்ஹௌஸ் பள்ளியிலும் பயின்றார். அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் குடும்பத்தின் மீது பேரிடி ஒன்று விழுந்தது. 1925-ஆம் ஆண்டு சனவரியில் பம்பாய் மலபார்க் குன்றில் நடந்த ஒரு கொலையில் இந்தூரைச் சேர்ந்தவர்கள் பிடிபட்டனர். அரண்மனையை விட்டு நீங்கிய நாட்டியப் பெண் ஒருத்தியை மீட்கும் முயற்சியில் நேர்ந்த கொலை அது. விசாரணைக்கு உடன்படுவதா, அரசைத் துறப்பதா என்ற நிலை வந்தபோது துக்கோஜிராவ் 1926-இல் முடிதுறந்தார். பதினெட்டு வயது நிரம்பாத மகன் பட்டத்துக்குரியவரானார். வயது வரும் வரையில் ஆட்சிப் பொறுப்பைப் பிறர் பார்த்தனர். இவர் ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் படிக்கச் சென்றார். முழு அதிகாரம் அவர் கைக்கு வந்தது 1930-இல். இதற்கிடையே 1924-இலேயே காகல் குடும்பத்தைச் சேர்ந்த சன்யோகிதா தேவியுடன் திருமணமும் நடந்திருந்தது. அவ்வரசியாரும் இங்கிலாந்தில் கல்வி கற்றவர்.

தந்தையின் பழிச்சொல்லைச் சுமந்துகொண்டு அயல்நாட்டில் வளர்ந்த அந்த இளைஞர், பழைய பகட்டிலிருந்து இயன்ற வரையில் விலகி நிற்க விரும்பினார் என்று கொள்வதில் தவறில்லை. பெர்னார் பூதே த மோன்வெல் என்னும் பிரெஞ்சு ஓவியர் அவரை இருமுறை தீட்டினார். ஒன்றில் மராட்டிய அரச உடை. மற்றொன்றில் கறுப்பு மாலையுடையும் வெள்ளைச் சட்டையும். ஒல்லியான உடல், நீண்ட விரல்கள், எதிலும் பற்றில்லாதவரைப் போன்ற பார்வை. மன் ரே என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் எடுத்த படங்களில், அரசரும் அரசியும் சிரித்து விளையாடும் கல்லூரி மாணவரைப் போலவே காட்சியளிக்கின்றனர். இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும்.

இவர்களுடைய கலை நாட்டத்துக்கு வழிகாட்டியவர் பாரிஸைச் சேர்ந்த ஹென்றி பியேர் ரோஷே என்னும் எழுத்தாளர். 1929-ஆம் ஆண்டில் அவர் அரச தம்பதியரை ழாக் டூஸே என்ற ஆடை வணிகரின் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். டூஸேயிடம் இருந்த ஓவியங்களுள் தலைமையானது பாப்லோ பிகாசோ 1907-இல் தீட்டிய அவிஞோன் நங்கையர் ஓவியம். கனவடிவ ஓவிய நெறிக்கு, அதாவது மேல்நாட்டார் கியூபிஸம் என்று கூறும் முறைக்கு, தோற்றுவாய் அதுவே என்று ஓவிய வரலாற்றாசிரியர் பலர் கூறுவர்.

இந்நெறியைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் கம்பளத்தின் கதை விளங்காது. ஒரு குடத்தை வரைய வேண்டுமானால் நாம் ஓரிடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் வரைவோம். நிழலிட்டு, அது உருண்டையானது என்ற மயக்கத்தை உண்டாக்குவோம். பிகாசோவும் அவர் தோழர் பிராக்கும் இந்த மயக்கத்தையே வேண்டாமென்று தள்ளினர். குடத்தின் வாயை மேலிருந்தும், வயிற்றைப் பக்கத்திலிருந்தும், அடியைக் கீழிருந்தும் பார்த்தாற்போல் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே பரப்பில் அடுக்கினர். வண்ணங்களையும் பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று சுருக்கிக்கொண்டனர். நம் நாட்டிலும் கவி தாகூரின் உறவினரான ககனேந்திரநாதர் 1920-களில் இம்முறையைத் தழுவிப் பல ஓவியங்கள் தீட்டினார். பார்த்தவர்களில் பலர் சிரித்தனர், சிலர் வியந்தனர். இன்றும் அப்படித்தான்.

சுவரில் தொங்கும்போது பலரை மிரளவைத்த இம்முறை, தரைக்கு வந்தபோது மிக இயல்பாகப் பொருந்திவிட்டது. இதற்குக் காரணம் நெசவு அறிந்தவர்க்கு உடனே புலப்படும். முடிச்சுக் கம்பளம் என்பது பாவு நூல்களின் மேல் கம்பளி இழையை ஒவ்வொரு முடிச்சாக இட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்தி, சீப்பால் அடித்து இறுக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரித்துச் செய்வது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. புள்ளிக் கோலத்தைப் போலவே அங்கே நேர்க்கோடும் கட்டமும் படிக்கட்டும் தாமே வந்து அமையும். வளைவைக் கொண்டுவரத்தான் பாடுபட வேண்டும். மேலும் நடக்கிற இடத்தில் குழியும் மேடுமாகத் தோன்றும் படம் காலுக்கு ஆகாது. நிழலிட்டு வரைந்த ரோஜாமலரை யார்தான் மனமொப்பி மிதிப்பார்? ஆழமும் நிழலும் இல்லாத பரப்பு ஓவியமே தரைக்கு ஏற்றது. நம் வீட்டு வாசலில் மாக்கோலமிடும் பெண்மணிகள் எந்த ஓவியப் பள்ளிக்கும் போகாமலே இதை அறிந்திருக்கிறார்கள்.

பாரிஸில் இதை நன்குணர்ந்து தொழிலாக்கியவர் இவான் ட சில்வா புரூன்ஸ். பிரேசில் நாட்டுப் பெற்றோருக்கு 1881-இல் பாரிஸில் பிறந்தவர், முதலில் ஓவியர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மொராக்கோ நாட்டுப் பெர்பெர் மக்களின் கம்பளங்களைக் கண்டு அவற்றில் மனத்தைப் பறிகொடுத்தார். முடிச்சிடும் வேலையைத் தாமே கற்று, பின்னர் பாரிஸை அடுத்த சாவிஞி என்னும் ஊரில் பட்டறை அமைத்தார். ஆப்பிரிக்க மலைநாட்டுப் பெண்களின் கைவண்ணமும், கனவடிவ ஓவியரின் கோணங்களும் அவர் கம்பளத்தில் ஒன்றுகூடின. 1925-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த பெரும் அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவர் புகழ் நிலைநாட்டப்பட்டது. கடல் கடந்து செல்லும் பெருங்கப்பல்களின் கூடங்களுக்கும் அவர் கம்பளங்கள் சென்றன. தம் பெயரைக் கம்பளத்தின் மூலையில் நெய்தே அவர் கையொப்பமிட்டார். பட்டறையின் முத்திரையும் அதனருகே இருக்கும். முடிச்சிட்ட கைகளுக்கு உரியவர்களின் பெயர் மட்டும் எந்த மூலையிலும் இல்லை. இது சாவிஞியில் மட்டும் நடந்த குறையன்று. வாலாஜாப்பேட்டையிலும் ஏலூரிலும் நம் பெங்களூரிலும் கம்பளம் நெய்தவர்கள் பெயரை யார் எழுதிவைத்தார்கள்? இருபுறமும் ஒரே கோலம் தெரியும்படி நெய்த பெங்களூர்க் கம்பளங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறுதிக்குப் பெயர் பெற்றவை. அவற்றைச் செய்தவர் ஒருவரின் பெயராவது நமக்கு வந்து சேரவில்லை.

யஷ்வந்தராவின் மற்றொரு நண்பர் எக்கார்ட் முத்தேசியஸ் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர். 1904-இல் பிறந்த அவரும் ஓர் இளைஞரே. இந்தூரில் தமக்கும் அரசிக்கும் ஒரு புதிய இல்லம் அமைத்துத் தரும் பொறுப்பை மன்னர் அவரிடம் ஒப்படைத்தார். 1930 முதல் 1933 வரையில் உருவான அதுவே மாணிக் பாக் என்னும் மாளிகை. பெயர் மாணிக்கத் தோட்டம் என்றாலும் அங்கே மாணிக்கமும் இல்லை, தந்தச் சிங்காதனமும் இல்லை. வெளியே எளிய நேர்க்கோட்டுச் சுவர்கள். உள்ளே உலோகம், கண்ணாடி, செயற்கைத் தோல், மின்விளக்கு, குளிர்சாதனம். மாளவத்து வெயிலில் குளிர்சாதனம் பொருத்திய வீடு என்றால் அக்காலத்தில் அது எவ்வளவு பெரிய புதுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வோர் அறைக்கும் ஐரோப்பாவின் தலைசிறந்த கைவினைஞரிடமிருந்து பொருள்கள் வந்தன. ருல்மான் செய்த கருங்காலி மேசை, பூய்ஃபோர்க்கா செய்த வெள்ளிப் பாத்திரங்கள், ஐலீன் கிரே என்னும் அயர்லாந்துப் பெண்மணி வகுத்த நாற்காலி, லூயி சோஞோவும் ஷார்லோட் அலிக்ஸும் சேர்ந்து செய்த உலோகக் கட்டில்கள், லெ கார்பூசியே குழுவினரின் சாய்மஞ்சம் எனப் பட்டியல் நீளும். பின்னாளில் சண்டிகர் நகரத்தை அமைத்த லெ கார்பூசியேயின் கைப்பொருள் அவருக்கு இருபது ஆண்டு முந்தியே இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. நூலகத்துக்கென முத்தேசியஸ் செய்த சிவப்பு நிற நாற்காலிகளில் படிப்பதற்கான விளக்கு நாற்காலியோடேயே பொருந்தியிருந்தது.

இவையனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தவை ட சில்வா புரூன்ஸின் கம்பளங்களே. உலோகமும் கண்ணாடியும் நிறைந்த அறை மருத்துவமனையைப் போலத் தோன்றிவிடக்கூடும். அந்தக் குளிர்ச்சியைப் போக்கி வீடு என்ற உணர்வைத் தந்தது காலடியில் கிடந்த கம்பளி. பெரிய வட்டங்களும் சதுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, கோடுகள் அவற்றை வெட்டிச் செல்ல, மிகச் சில வண்ணங்களே கொண்டு அமைந்தவை அவை. அக்கால நிழற்படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தும், அந்த அறைகளைப் பார்ப்பவர் கண் முதலில் தரைக்கே போகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. 1930-களின் தொடக்கம் உலகெங்கும் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம். பருத்தி விளையும் மாளவ நாட்டுக் குடியானவனின் வரிப்பணம்தான் சமஸ்தானத்தின் வருவாய். அகல்யாபாய் குடியேற்றிய மகேஷ்வர் நெசவாளர் ஆலைத் துணியின் போட்டியில் நலிந்துகொண்டிருந்தபோது, அதே குலத்து அரசர் தம் தரைக்குப் பாரிஸிலிருந்து கம்பளம் தருவித்தார். இதை மூடி மறைத்து அவரைப் புகழ்ந்துகொண்டே போவது முறையாகாது. காந்தியடிகள் உப்புக்காக நடந்ததும் 1930-இல்தான். ஆயினும் அவருடைய காலத்து மன்னர்களை நோக்க, வேட்டைக்கும் வைரத்துக்கும் பந்தயக் குதிரைக்கும் இறைத்தவர்களுக்கு நடுவே, உயிரோடிருக்கும் கலைஞரைத் தேடிச் சென்று, அவர்தம் புதிய கற்பனைக்கு இடங்கொடுத்தவர் இவர் என்பதும் உண்மை. வைரத்திலும் காரிலும் இவருக்கும் ஆசை உண்டுதான். ஆனால் அவரைப் பற்றிப் பேசவைப்பவை அவையல்ல. என் கருத்தில் அவரிடம் இல்லாதிருந்தது இரசனையன்று. தம் ஊர்த் தறியையும் அதே கண்கொண்டு பார்க்கும் எண்ணமே. சாவிஞியில் செய்ததை மகேஷ்வரிலும் செய்விக்க ஒரு முயற்சி நடந்திருந்தால் இந்திய நெசவின் கதையே சற்று மாறியிருக்கக்கூடும்.

மாணிக் பாக்கில் இன்ப வாழ்வு நீடிக்கவில்லை. 1933-இல் உஷா தேவி என்ற மகள் பிறந்தாள். 1937-ஆம் ஆண்டில் அரசியார் சன்யோகிதா தேவி சுவிட்சர்லாந்தில் மிக இளம் வயதில் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் ருமேனியச் சிற்பி பிரங்குஷி இந்தூருக்கு வந்தார். வானிற் பறவை என்ற பெயரில் அவர் செய்த சிற்பங்களுள் மூன்றை, ஒன்று வெண்கலத்திலும் ஒன்று கறுப்புச் சலவைக் கல்லிலும் ஒன்று வெள்ளைச் சலவைக் கல்லிலுமாக, மன்னர் வாங்கியிருந்தார். அவற்றை வைப்பதற்கு ஒரு தியானக் கோயில் எழுப்பவேண்டும் என்பது இருவரின் கனவு. சிற்பி வந்து காத்திருந்து பார்த்தார். துயரிலும் நோயிலும் இருந்த மன்னருக்கு அதில் மனம் செல்லவில்லை. கோயில் எழும்பாமலே சிற்பி திரும்பிப் போனார். அந்த வெண்கலப் பறவை பின்னர் அமெரிக்காவுக்கும், சலவைக்கல் பறவைகள் இரண்டும் 1973-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கும் போய்ச் சேர்ந்தன.

பின்னர் மன்னர் அமெரிக்கப் பெண்மணி ஒருவரை மணந்தார்; அம்மணம் 1943-இல் முறிந்தது. அவ்வாண்டிலேயே மற்றொரு அமெரிக்கப் பெண்மணியை மணந்தார். அவர் வயிற்றில் 1944-இல் பிறந்த மகன் ரிச்சர்ட். உலகப் போரின் நடுவில், 1942-இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இந்தியாவின் அரசியல் சிக்கலில் தலையிட்டுத் தீர்வு காணவேண்டினார். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த ஒரு சமஸ்தானாதிபதி இவ்வாறு எழுதியது சிறு துணிச்சல் அன்று. ஆனால் 1947-இல் இந்திய ஒன்றியத்தில் சேரும் நேரம் வந்தபோது இதே மனிதர் கடைசி நாட்கள் வரை தயங்கினார். இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்கு இயலவில்லை. மனிதர் மனம் எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் செல்வதில்லை போலும். 1948-இல் குவாலியரும் இந்தூரும் பிற சமஸ்தானங்களும் இணைந்து மத்திய பாரதம் உருவாயிற்று. குவாலியர் மன்னர் ராஜப்பிரமுகராகவும் இவர் உபராஜப்பிரமுகராகவும் அமர்ந்தனர். 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது அப்பதவியும் மறைந்தது. இந்தூரில் அவர் பெயரால் விளங்கும் பெரிய அரசு மருத்துவமனை இன்றும் ஏழை மக்களுக்குப் பயன்படுகிறது.

1961-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் பம்பாயில் யஷ்வந்தராவ் உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. அவருக்குப் பின் மகள் உஷா தேவியே பட்டத்துக்குரியவராக இந்திய அரசால் ஏற்கப்பட்டார். மாளிகை காலப்போக்கில் அரசாங்கத்தின் கைக்குச் சென்று, மத்திய கலால் துறையின் அலுவலகமாயிற்று. மன்னர் கம்பளத்தின்மீது நடந்த கூடங்களில் கோப்புகள் வந்து குடியேறின.

கம்பளங்களும் மேசை நாற்காலிகளும் 1980-இல் மோண்டி கார்லோவில் ஏலத்துக்கு வந்தன. உலகெங்கிலுமிருந்து வாங்குவோர் கூடினர். அந்த ஏலத்துக்குப் பிறகுதான் மேல்நாட்டார் இந்தூர் என்ற ஊரையே வரைபடத்தில் தேடினார்கள் என்று சொன்னால் சற்று மிகையாக இருக்கலாம். முழுப் பொய்யாக இராது. ட சில்வா புரூன்ஸும் அவ்வாண்டிலேயே, தொண்ணூற்றொன்பதாம் வயதை எட்டும் காலத்தில், காலமானார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கம்பளத் தொழிலை நிறுத்திவிட்டு அவர் தூரிகைக்குத் திரும்பியிருந்தார். சிதறிப்போன பொருள்களுள் பலவற்றை ஒன்றுகூட்டிப் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகம் 2019-ஆம் ஆண்டில் ஒரு பெருங் கண்காட்சி நடத்தியது. அப்போதும் அவை வந்தவழி பார்க்கப் பாரிஸுக்குத்தான் போகவேண்டியிருந்தது, இந்தூருக்குத் திரும்பவில்லை. நம் நாட்டுப் பணத்தில் வாங்கிய ஒன்று நம் நாட்டில் இல்லை என்பது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வாங்கிய நாளிலும் அவற்றை நம் மக்களுள் எத்தனை பேர் கண்ணால் கண்டனர் என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மகேஷ்வருக்குத் திரும்ப வேண்டும் என்று முன்னே சொல்லியிருந்தேன். 1970-களின் இறுதியில் மகன் ரிச்சர்ட் ஹோல்கரும் அவர் மனைவி சாலியும் அவ்வூரில் ரேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். ரேவா என்பது நருமதையின் மற்றொரு பெயர். சில தறிகளோடு தொடங்கிய அம்முயற்சி, நெசவை மறந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை தந்தது. தந்தை தறியைத் தேடிக் கடல் கடந்து போனார். மகன் ஆற்றங்கரையிலிருந்த தறியின் முன்னே போய் உட்கார்ந்தார். மகேஷ்வரிச் சேலையின் கரைகளில் பல அவ்வூர்க் கோட்டைச் சுவரிலும் படித்துறையிலும் செதுக்கியுள்ள கோலங்களைப் பார்த்து நெய்தவை. செங்கல் அடுக்கைப் போன்ற ஒரு கரை, பாயின் பின்னலைப் போன்ற ஒரு கரை, வைரம் போன்ற சாய்சதுரம் ஒன்று, நருமதையின் அலையைப் போல வளைந்தோடும் கோடு ஒன்று. இவற்றுக்கு அவ்வூர்த் தறிகாரர் வைத்திருக்கும் பெயர்களும் செங்கல், பாய், வைரம், அலை என்பவையே.